சாவி யாரிடம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் காலை உணவுக்கு அமரவிருந்த வேளையில், பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் எழுவர் வந்து நின்றனர். ஆடவர் ஐவர், பெண்கள் இருவர். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கிராமப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர்கள். விடியற்காலைப் பேருந்தில் ஏறிப் புதுவை நகருக்கு வந்து, நம் கோவிலிலேயே பூசை கண்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறோம். காரணம் போகப்போக விளங்கும்.

அவர்களில் மூத்தவர், நான்காக மடித்த மனுவொன்றை நம் கையில் கொடுத்தார். "சாமி, ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் வேணும். கல்யாணம் காட்சி வந்தால் பந்தல் போடவே கடன் வாங்க வேண்டியிருக்கு. மழைக்காலத்திலே சாவு விழுந்தால் வந்தவங்க ஒதுங்க இடமில்லை. எம்.பி. நிதியிலே கட்டிக் கொடுக்கிறாங்களாம். சாமி ஒரு கடிதம் கொடுத்தால் காரியம் ஆயிடும்" என்றார்.

"இப்போதுள்ள பங்குச் சாமியாரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம்.

"சொன்னோம் சாமி. டவுனிலே இருக்கிறவர் எழுதினால் எடுபடும்னு அவர்தான் அனுப்பிவைத்தார்."

நகரத்தில் இருப்பவன் கையெழுத்துக்கு நாட்டுப்புறத்தில் எத்தனை மதிப்பு! நாம் சிரித்துக்கொண்டே மனுவைப் பிரித்தோம். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர், பாதிக்குமேல் கைநாட்டு. கூடம் கட்டுவதற்கெனக் குறித்திருந்த இடம் கோவிலுக்குத் தெற்கே கிடக்கும் காலிமனை. ஒப்பமிட்டோர் பெயர்களை மறுபடியும் பார்த்தோம். அத்தனை பேரும் கீழத்தெருவினர். மேலத்தெருவிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

நாம் வாய் திறக்குமுன், தூணோரம் நின்றிருந்த பெண்மணி பேசினார். "ஊரிலே ஏற்கெனவே ஒரு கூடம் இருக்குதே சாமி. அதன் சாவி யாரிடம் இருக்குதுன்னு கேட்க மாட்டீங்களா?"

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு வாரத்தில் பதில் தருவதாகக் கூறி அனுப்பிவைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை.

அன்பர்களே, கிராமங்களின் பொது வசதிக்காக வரும் மானியப் பணத்தைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிந்ததற்கு அக்கேள்வியே காரணம். எந்தப் பணம் எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது என்பதை நம் பங்கு மக்கள் அறிந்திருப்பதில்லை. அறியாதவரைக்கும் கடிதத்தை நம்பியே அலைய வேண்டியிருக்கும்.

முதலில், வந்தவர்கள் கேட்ட நிதி. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு உறுப்பினர் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய். மறு ஆண்டே 1 கோடி. 1998-99 முதல் 2 கோடி. 2011-12 முதல் 5 கோடி. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில் அதை நிறுத்தி, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கினர். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். ஆக, ஆண்டுக்கு 10 கோடி. அதில் புதுவையும் காரைக்காலும் மாகியும் ஏனாமும் பங்குபெற வேண்டும். ஐந்து கோடி என்றதும் மலைத்துப்போகிறவர்கள் அதை ஊர்க்கணக்கில் வகுத்துப் பார்ப்பது நல்லது.

அந்தப் பணம் உறுப்பினர் பெட்டியில் இருக்கிறது என்று எண்ணுவது பெருந்தவறு. அவர் பரிந்துரைக்கிறார், அவ்வளவே. விதிக்குப் பொருந்துமா என ஆய்ந்து ஒப்புதல் அளிப்பதும், பணத்தை விடுவிப்பதும், வேலையை மேற்பார்ப்பதும் மாவட்ட நிர்வாகம். எழும் கட்டடம் அரசின் சொத்து. வழிபாட்டுத் தலத்திலோ, சமயக் குழுவொன்றின் நிலத்திலோ இந்நிதியைக் கொண்டு எதுவும் கட்ட இயலாது. ஆகவே கோவிலுக்குத் தெற்கேயுள்ள மனை ஆகாது. ஆயர் இல்லமே பரிந்துரைத்தாலும் ஆகாது. மானியம் பொதுப்பணம்; இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் அனைவரும் செலுத்திய வரி. அது ஒரு சமயத்தின் வேலிக்குள் போய் அடங்கக்கூடாது என்பதை நாம் மனமார ஏற்கிறோம்.

மற்றொரு விதியும் உண்டு. அதைப் படிப்பவர் குறைவு. வேலை தொடங்குமுன், கட்டடத்தைப் பயன்படுத்தப்போகும் அமைப்பு அதைப் பேணிக் காப்பதாக உறுதி தர வேண்டும் என்பதே அது. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, மின்கட்டணத்தை யார் செலுத்துவது, கதவு உடைந்தால் யார் மாற்றுவது என்ற கேள்விகளுக்குக் காகிதத்தில் விடை வேண்டும். காகிதத்தில் விடை கிடைத்துவிடுகிறது. ஊரில் கிடைப்பதில்லை. கட்டி முடித்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்று கையொப்பமாகி மேலே போகும். பணம் செலவாயிற்று என்பதற்கு அது சான்று. கூடம் பயன்படுகிறது என்பதற்கு அது சான்று அன்று.

நாட்டுப்புறத்துக்கு வரும் பணம் இது ஒன்றே அன்று. ஆனால் மற்றவற்றைச் சொல்லுமுன் நம் உயர்மறைமாவட்டத்தின் அமைப்பை நினைவுகூர வேண்டும். நாம் இரண்டு அரசுகளின்கீழ் வாழும் மக்கள். புதுவைப் பகுதி ஒரே துண்டாக இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கிறது. புதுவையிலிருந்து கடலூர் செல்லும் பேருந்தில் ஏறினால், புதுச்சேரி முடிந்து, தமிழ்நாடு வந்து, மீண்டும் பாகூர் வட்டாரமாகிய புதுச்சேரி வந்து, மறுபடியும் தமிழ்நாடு வரும். வரப்பின் இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் வேறொரு சட்டம். ஒரே பீடச்சிறுவர் கூட்டத்தில் இரு அரசுகளின் பிள்ளைகளும் இருப்பார்கள்.

வரப்புக்கு அப்பால், தமிழ்நாட்டில், 'நமக்கு நாமே' என்ற திட்டம் 1997-98-இல் தொடங்கியது. ஆட்சி மாறியபின் 2011-12 முதல் 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் நடந்து, 2021-22-இல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. பெயர் எதுவாயினும் சாரம் ஒன்று: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் செலுத்தினால், மீதியை அரசு தரும். பாதியோ அதற்கு மேலோ மக்கள் செலுத்தினால், வேலையைத் தாமே எடுத்துச் செய்யவும் இடமுண்டு. பள்ளிக்கு வகுப்பறை, சுற்றுச்சுவர், நூலகம், சாலை எனப் பல இதில் எழுந்துள்ளன. இம்முறையில் நமக்கு ஓர் உறுத்தல் உண்டு; மறைக்க விரும்பவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தரக்கூடிய ஊர் ஏற்கெனவே சற்றுத் தழைத்த ஊர். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊர். கூலிக்குப் போகிறவர்களின் குடியிருப்பு எங்கே போய் அந்தப் பங்கைத் திரட்டும்? திரட்டித் தந்த ஒருவர், கூடத்தின் நெற்றியில் தம் தந்தை பெயரைப் பொறித்துவிட்டால், அது யாருடைய கூடம்? எனினும், தன் கைக்காசைப் போட்டவன் கதவு உடைந்தால் கேட்கிறான் என்பதும் மெய்யே.

அடுத்தது, ஒன்றிய நிதிக்குழுவின் மானியம். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தத்திற்குப் பின், ஊராட்சிகளுக்கென்றே நிதிக்குழு பணம் ஒதுக்குகிறது. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஒதுக்கியதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாத இடத்தில் இம்மானியம் தடைப்படும். தமிழ்நாடு இதைப் பட்டறிந்தது: 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, இடையில் ஒன்றிய அரசு பணத்தை நிறுத்தி வைத்தது. குழாயில் தண்ணீர் வராத தெருவுக்கும் ஓட்டுச் சீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இது விடை.

புதுச்சேரியின் நிலை இதனினும் வேறு. நிதிக்குழுவின் பங்கீடு மாநிலங்களுக்கு உரியது. யூனியன் பிரதேசமாகிய நாம் அதில் இல்லை. ஊராட்சித் தேர்தலோ, அதை நினைத்தாலே வருத்தமாயிருக்கிறது. 1880-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையால் கொம்யூன்களும் அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் 'மேர்' என்னும் தலைவர்களும் பெற்ற மண் இது. அக்காலத் தேர்தல்கள் தடியும் கல்லுமாக நடந்தவை என்பது உண்மை. அவற்றைப் பொற்காலம் என்று சொல்லத் துணியோம். ஆயினும் மன்றம் என்று ஒன்று இருந்தது. 1973-இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றினோம். 1968-க்குப்பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். 38 ஆண்டு இடைவெளி! அவர்கள் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீடு பற்றிய வழக்கால் நின்றது. புதுவையில் ஐந்தும் காரைக்காலில் ஐந்துமாகக் கொம்யூன்கள் பத்து இருக்கின்றன, அலுவலகங்கள் இருக்கின்றன, ஆணையர்கள் இருக்கிறார்கள். ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை.

நம் நகரத்துக் கடற்கரைச் சாலையில் நிற்கும் மேரி கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. நூறாண்டைக் கடந்த அந்த நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர்க் குறைப்புத் திட்டத்தில் அதைப் பழைய வடிவிலேயே எழுப்பி, 2021 பிப்ரவரி 25 அன்று திறந்துவைத்தனர். தூண்கள் அழகு, வெள்ளைச் சுவர் அழகு. மேயர் அமரும் இல்லமாகப் பிறந்த கட்டடம் அது. கட்டடத்துக்குப் பணம் கிடைத்தது. அமர்வதற்கு மேயர்தான் கிடைக்கவில்லை.

தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் மானியம் சலுகையாகிவிடுகிறது. உரிமையோடு கேட்க வேண்டியவர்கள் மனுவை மடித்துக்கொண்டு, பூசை முடியும்வரை காத்திருந்து, சாமியாரிடம் கடிதம் கேட்கிறார்கள். அக்கடிதம் கொடுப்பது நமக்கு மதிப்பாய் இருக்கலாம். ஊருக்கு அது இழிவே.

இதே மண்ணில் மானியம் வேறு வகையாகவும் வந்ததுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளை ஏற்று, பாகூரிலிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று சிற்றூர்களை அளித்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஒரு நாட்டுப்புறக் கல்லூரிக்கு அரசன் தந்த மானியம் அது. அக்கால வழக்கப்படி அரசனின் ஓலை வந்தால், அதை ஏற்று, எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி நிறைவேற்றியவர்கள் நாட்டார். அதாவது, அவ்வட்டாரத்தின் சபை. பாகூர் மூலநாதர் கோவிலின் சோழர் காலக் கல்வெட்டுகளோ, ஏரியைத் தூர்வாரிப் பேணுவதற்கு ஊர்ச்சபை செய்த ஏற்பாடுகளைப் பேசுகின்றன. அச்சபைகளில் உழைத்தவனுக்கு இடமிருந்ததா என்று கேட்டால், இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் குறையை அறிந்து செய்த ஒரு முயற்சியை நம் காலத்திலேயே கண்டோம். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுவைப் பகுதியில் ஏரிகள் மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கியது. பாகூர் ஏரி, ஊசுட்டேரி முதலாக 84 ஏரிகள். பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கும் பாகூர் ஏரி பெரியது. சிற்றூர்களின் தாங்கல்கள் சிறியவை. ஆழ்துளைக் கிணறு பெருகியபின் ஏரியைத் திரும்பிப் பார்ப்பார் குறைந்திருந்த காலம் அது. கரையை உயர்த்துவது, மதகைப் புதுப்பிப்பது, தூர் எடுப்பது மட்டும் திட்டம் என்றிருந்தால் அது பொதுப்பணித்துறையின் மற்றொரு வேலையாகப் போயிருக்கும். ஒவ்வோர் ஏரிக்கும் ஊரார் சங்கம் ஒன்று வேண்டும். அதில் நிலமுள்ளவர் மட்டுமன்றி நிலமற்றோரும், பெண்களும், சேரி மக்களும் இடம்பெற வேண்டும் என்று வைத்தார்கள். நிலம் இல்லாதவனுக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. மாடு தண்ணீர் குடிப்பது அங்கே, மீன் அங்கே, துணி துவைப்பது அங்கே, தூர் எடுப்பதற்குக் கூலி அங்கே. ஏரி பாசனக்காரனுக்கு மட்டும் சொந்தம் என்பது பட்டாவின் கணக்கு. பெண்களின் கணக்கு வேறு.

நாம் அறிந்த ஓர் ஊரில் அச்சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறை சென்றிருந்தோம். முதல் அரைமணி நேரம் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். பிறகு ஒருவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைக் கண்டு மற்றவர்களும் உட்கார்ந்தனர். மதகைப்பற்றி அன்று என்ன முடிவு செய்தார்கள் என்பது நமக்கு மறந்துவிட்டது. அவர்கள் உட்கார்ந்தது மறக்கவில்லை. திட்டப்பணம் நின்றபின் அந்தச் சங்கம் தளர்ந்து போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். எனினும், தூர் எடுக்கவில்லையே என்று அவ்வூரில் இன்று முதலில் குரல் எழுப்புகிறவர்கள் அன்று உட்கார்ந்தவர்களே.

இனி, சாவிக்கு வருவோம்.

அந்த ஊரின் பழைய கூடத்தைக் கட்டியவர்கள் வேறு யாருமல்லர், நாமே. அப்போது நாம் குருப்பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கடல்கடந்த நாட்டு அறநிறுவனம் ஒன்று நம் வேண்டுகோளுக்கிணங்கி மானியம் அனுப்பியது. ஊர்ப்பொது இடத்தில், ஊரார் எல்லாருக்கும் என்றே கட்டினோம். மணல் வண்டி வந்தால் நள்ளிரவிலும் எழுந்து போய் எண்ணினோம். சிமெண்டு மூட்டைக்குக் கணக்கு வைத்தோம். ஒரு மூட்டை குறையவில்லை. ஒளிப்படம் எடுத்து அனுப்பினோம். பாராட்டி மடல் வந்தது. திறப்பு விழாவுக்குப் பாண்டு வாத்தியம். அன்று மாலை, விழாக் களைப்பில், சாவிக்கொத்தை மேலத்தெருப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து, "ஐயா, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றோம். அவர் கெட்டவர் அல்லர். கோவில் கணக்கில் ஒரு காசு தவறாதவர். குழு அமைக்கவில்லை, வாடகை இவ்வளவு என்று எழுதவில்லை, மின்கட்டணத்தைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. கீழத்தெருவில் ஒருவரைக்கூட அழைத்துக் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாற்றலாகிப் போனோம்.

அதன்பின் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? முதல் சில ஆண்டுகள் மேலத்தெருத் திருமணங்கள் நடந்தன. கீழத்தெருவினர் கேட்டபோது, "அன்று வேறு விசேஷம் இருக்கிறது" என்ற விடை வந்தது. எப்போது கேட்டாலும் அன்று வேறு விசேஷம் இருந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். மின்கட்டணம் செலுத்தாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மேலத்தெருவினரும் நகரத்துத் திருமண மண்டபங்களுக்குப் போகத் தொடங்கினர். சாவி மட்டும் அந்த வீட்டு ஆணியிலேயே தொங்கிற்று. நாம் அவ்வழியே இரண்டொரு முறை சென்றபோதும் பூட்டைப் பார்த்தோம், கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை நம்மிடமே வந்து முடியும் என்று உள்மனம் அறிந்திருந்தது போலும்.

இப்போது மனுவோடு வந்திருப்பவர்கள் தமக்கென்று ஒரு கூடம் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. எம்.பி. நிதியில் 15 விழுக்காடு அட்டவணை இனத்தவர் வாழும் பகுதிக்குச் செலவிடப்பட வேண்டும். ஆனால் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகிய அம்மக்கள் அட்டவணை இனத்தவர் அல்லர். ஊரில் தீண்டப்படாதவர், ஏட்டில் அட்டவணையில் இல்லாதவர். இரு பக்கமும் அடைத்த கதவு. அவர்களுக்குத் தனிக்கூடம் கிடைத்தால் மழைக்கு ஒதுங்கலாம். மகள் திருமணத்தைத் தலைநிமிர்ந்து நடத்தலாம். ஆனால் தெருவுக்கு ஒரு கூடம் என்று அரசுப் பணத்திலேயே சுவர் எழுப்பி, நாம் அதற்குப் பரிந்துரைக் கடிதமும் கொடுப்பதா? கல்லறைக்கு நடுவே சுவர் வைத்த ஊர்களை நாம் அறிவோம். அந்தச் சுவர்களைக் கட்டியவர்களும் அன்றைக்கு ஏதோ ஒரு நல்ல காரணத்தைச் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது அரசர் இரண்டாம் நூலில் யோவாசு மன்னரின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஆலயத்தைப் பழுதுபார்க்கவென்று மக்கள் தந்த பணத்தைக் குருக்களே வாங்கி வைத்துக்கொண்டனர். மன்னரின் இருபத்து மூன்றாம் ஆட்சியாண்டு வரைக்கும் ஒரு விரிசலும் அடைபடவில்லை. பிறகு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பீடத்தருகே வைத்தார். பணம் குருக்கள் கையை விட்டுத் தச்சர், கொத்தர் கைக்கு நேரே போயிற்று. புதிதாய்க் கட்டுவதற்குப் பணம் தருவோர் என்றும் உண்டு. விரிசலை அடைக்கத் தருவோர் அரிது. எம்.பி. நிதியின் பழைய விதிகளில் பழுதுபார்ப்பு வேலைக்குப் பெரும்பாலும் இடமில்லை. புதுக் கூடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். அடைத்த விரிசலுக்கு யார் கல்வெட்டு வைப்பார்?

சென்ற வாரம் அந்த ஊருக்குப் போனோம். பெரியவர் காலமாகிவிட்டார், மகன் இருக்கிறார். அவரே முன்வந்து கூடத்தைத் திறந்து காட்டினார். உள்ளே நெல் மூட்டைகள், முறிந்த பெஞ்சுகள், ஓரத்தில் தேர்க்கால் ஒன்று. கூரையில் இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஜன்னல் ஒன்றுக்குக் கதவில்லை. சுவர் உறுதியாகவே இருக்கிறது. மணல் எண்ணியது வீணாகவில்லை. நாம் அவரிடம் பேசினோம். வெகுநேரம் பேசினோம். கடைசியில் அவர் சொன்னார்: "அப்பாவிடம் கொடுத்தது சாமிதான். சாமி கேட்டால் சாமி கையிலே கொடுத்துடறேன். அவங்க கையிலே கொடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். சரியா, தவறா என்று தெரியவில்லை.

கீழத்தெருப் பெரியவரிடம், தெற்கு மனையில் இந்நிதியைக் கொண்டு கட்ட இயலாது என்பதைச் சொன்னோம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பழைய கூடத்தின் இடம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து, பொறியாளரைக் கொண்டு கூரைக்கும் மின்னிணைப்புக்கும் கழிப்பறைக்கும் மதிப்பீடு வாங்கும்படி சொன்னோம். மனுவில் இரு தெருக்களின் ஒப்பமும் வேண்டும் என்றோம். "மேலத்தெருவிலே போடுவாங்களா சாமி?" என்றார். தூணோரம் நின்ற அந்த அம்மாள் மட்டும், "போடாவிட்டால் போகட்டும்; கேட்டோம்னு இருக்கட்டும்" என்றார்.

இதை எழுதும்போது சாவிக்கொத்து நம் மேசையின்மேல் இருக்கிறது. மூன்று சாவிகளில் ஒன்று துருப்பிடித்துவிட்டது. வரும் ஞாயிறு மாலை கூடத்திலேயே ஊர்க்கூட்டம் வைத்திருக்கிறார்கள். இரு தெருவிலிருந்தும் ஆடவர் மூவர், பெண்கள் மூவர் என்று பன்னிருவர் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறோம். கீழத்தெருவிலிருந்து ஆறு பெயர் வந்துவிட்டது. மேலத்தெருவிலிருந்து இதுவரை இரண்டு, இரண்டும் பெண்கள்.